பிரிட்ஜ்வாட்டரில் இரண்டு ஊர்



இந்தப் பக்கத்தில் எழுதுபவர்கள் வழக்கமாகத் தாங்கள் குடியேறிய ஓர் ஊரைப் பற்றித்தான் எழுதுவார்கள். நாங்கள் இரண்டு ஊர்களைப் பற்றி எழுத வேண்டியிருக்கிறது. ஒன்று, அமெரிக்காவின் நியூ ஜேர்சி மாநிலத்தில் நாங்கள் வாழும் பிரிட்ஜ்வாட்டர். மற்றது, எங்கள் மூத்தவன் மூன்று வருடங்கள் குடியிருந்த ஊர். அது எந்த வரைபடத்திலும் இல்லை. கணனிக்குள் இருக்கும் ஊர் அது. ஆனாலும் 2021-இல் வெள்ளம் வந்தபோது எங்கள் கடதாசிகளைக் காப்பாற்றித் தந்தவர்கள் அந்த ஊரவர்கள்தான். புதிதாக வந்து இறங்கிய குடும்பங்களுக்கு உதவும் என்ற எண்ணத்தில் இதை எழுதுகிறோம்.

முதலாவது ஊர்

நூவர்க் விமான நிலையத்தில் இறங்கினால் மேற்கே ஏறக்குறைய முப்பது மைல் வரவேண்டும். நூவர்க்கில் இருந்து ராரிட்டன் பள்ளத்தாக்குப் புகையிரதம் பிடித்தும் வரலாம். ஸ்ரேசனுக்குப் பக்கத்திலேயே 1999-இல் திறந்த பேஸ்போல் மைதானம் நிற்கும். 22, 202, 206, 287 என்று இலக்கம் போட்ட பெருந்தெருக்கள் எல்லாம் இந்த ஊருக்குள் வந்து ஒன்றையொன்று வெட்டுகின்றன. ஊர்ச் சந்தி எங்கே என்று வந்த புதிதில் தேடினோம். சந்தி இல்லை. 1988-இல் கட்டிய பேரங்காடியும், அதைச் சுற்றிக் கார் நிறுத்தும் வெளியும்தான் சந்தி.

சனத்தொகை சுமார் 46,000. இங்கிலாந்தின் சமர்செற் பகுதியிலும் இதே பெயரில் ஓர் ஊர் உண்டு. இந்த ஊர் இருக்கும் கவுண்டியின் பெயரும் சமர்செற்தான். முன்னர் வந்து குடியேறியவர்களும் தங்கள் ஊர்ப் பெயரை மூட்டையோடு கட்டிக்கொண்டுதான் வந்திருக்கிறார்கள் போலும் என்று எங்களுக்குள் பேசிக்கொள்வோம். 1778-79 மாரிகாலத்தில் ஜோர்ஜ் வாஷிங்ரனின் படை முகாமிட்டிருந்த மிடில்புரூக் குன்று இங்கேதான் இருக்கிறது. அந்த இடத்தில் பதின்மூன்று நட்சத்திரம் போட்ட பழைய கொடியை இன்றும் பறக்க விடுகிறார்கள்.

தமிழருக்கு இந்த ஊரைத் தெரிந்திருப்பது கோயிலால்தான். 1998-இல் குடமுழுக்கு நடந்த ஸ்ரீ வெங்கடேஸ்வரா கோயில் ஓல்ட் பார்ம் றோட்டில் இருக்கிறது. பிள்ளையாரையும் முருகனையும் கும்பிட்டுப் பழகிய எங்களுக்குப் பெருமாள் கோயில் புதிது. முதல் நாள் எந்தப் பக்கம் சுற்றுவது, எங்கே நின்று தீர்த்தம் வாங்குவது என்று தெரியாமல் முழித்தோம். ஆனால் கீழே உள்ள உணவுக்கூடத்தில் புளியோதரையும் தோசையும் வாங்கிக்கொண்டு இருந்தபோது, பக்கத்து மேசைக்காரர் "எந்த ஊர்?" என்று தமிழில் கேட்டார். அமெரிக்கா வந்து அப்படி யாரும் எங்களைக் கேட்டது அதுதான் முதல் தடவை.

எங்களில் ஒருவர் முன்னே வந்து அகதி அந்தஸ்துப் பெற்று, மற்றவர் இரண்டு பிள்ளைகளோடு 2019 பங்குனியில் வந்து சேர்ந்தார். ராரிட்டன் ஆற்றுக்குக் கிட்ட, தாழ்வான பகுதியில், பாதி நிலத்துக்குள் இறங்கிய ஒரு வீடுதான் எங்கள் வருமானத்துக்குக் கிடைத்தது. மூத்தவனுக்கு அப்போது பதின்மூன்று வயது. பாடசாலையில் ஒரு வருடம்கூட ஆறுதலாக இருக்கவில்லை. 2020 பங்குனியில் கொரோனாவால் பாடசாலைகளை மூடிவிட்டார்கள். வாயில் ஆங்கிலம் வரத் தொடங்கிய நேரம் பார்த்து, கதைக்க ஆள் இல்லாமல் போயிற்று.

இரண்டாவது ஊர்

அந்த நாட்களில்தான் அவன் 'வேர்ல்ட் ஒஃப் வார்கிராப்ட்' என்ற விளையாட்டுக்குள் போனான். 2004-இல் வந்த விளையாட்டு அது. அதன் பழைய வடிவத்தை 2019 ஓகஸ்ற்றில் திரும்பவும் திறந்திருந்தார்கள். மாதம் சுமார் 15 டொலர் கட்டணம். நாங்கள் நினைத்திருந்தது, பிள்ளை தனியே இருந்து ஏதோ சுடுகிறான் என்று. உண்மையில் அது ஒரு தேசம். அதில் ஊர்கள், சந்தைகள், மலைகள், கப்பல்கள் எல்லாம் உண்டு. ஒரே நேரத்தில் ஆயிரக்கணக்கானவர்கள் அதற்குள் நடமாடுகிறார்கள். ஒவ்வொருவரும் ஒரு பெயரும் உருவமும் தொழிலும் எடுத்துக்கொள்கிறார்கள்.

இப்படிப்பட்ட விளையாட்டுகளின் தொடக்கம் 1978. இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் றோய் ட்ரப்ஷோ, ரிச்சர்ட் பார்ட்டில் என்ற இரு மாணவர்கள் எழுதியதில் படமே கிடையாது, எழுத்து மட்டும்தான். பிறகு 1997-இல் ரெக்சாஸ் மாநிலத்தின் ஒஸ்ரின் நகரத்தில் செய்த 'அல்ரிமா ஒன்லைன்' வந்தது. 1999-இல் 'எவர்குவெஸ்ட்' வந்தது.

இந்த விளையாட்டுகளில் தனி ஆளாகச் செய்யக்கூடியது கொஞ்சம்தான். பெரிய காரியங்களுக்குக் கூட்டம் வேண்டும். அந்தக் கூட்டத்தைக் 'கில்ட்' என்கிறார்கள். எங்கள் ஊர்ச் சனசமூக நிலையத்தை நினைத்துக்கொள்ளுங்கள். தலைவர், பொறுப்பாளர்கள், வரவுப் பதிவு, பொதுப் பெட்டகம், ஒழுக்க விதிகள் எல்லாம் உண்டு. கிழமையில் இரண்டு இரவு நாற்பது பேர் குறித்த நேரத்துக்கு ஒன்றுகூடி ஒரு கோட்டைக்குள் இறங்குவார்கள். சிலர் முன்னே நின்று எதிரியின் அடியைத் தங்கள்மேல் வாங்க வேண்டும். சிலர் பின்னே நின்று அவர்களுக்கு உயிர் ஏற்ற வேண்டும். மிச்சப் பேர் அடிக்க வேண்டும். கிளித்தட்டில் ஒருவன் தன் கோட்டை விட்டால் முழுப் பக்கமும் தோற்பது போலத்தான் இதுவும்.

கிடைத்த பொருளைப் பங்கிடும் முறை எங்களைச் சிரிக்க வைத்தது. நாற்பது பேர் உழைத்தால் இரண்டு மூன்று நல்ல பொருள்தான் விழும். யார் எடுப்பது? எவர்குவெஸ்ட் காலத்திலேயே அதற்கொரு கணக்கு உண்டாக்கி விட்டார்கள். ஒவ்வொரு தடவையும் வந்து நின்றவருக்குப் புள்ளி சேரும். விரும்பிய பொருள் விழும்போது சேர்த்த புள்ளியைக் கொடுத்து ஏலம் கேட்கலாம். "தம்பி, இது எங்கட சீட்டடா" என்றோம். எங்கள் ஏலச்சீட்டிலும் அவசரம் கூடியவர் கழிவு கூடக் கேட்டு எடுப்பார், பொறுத்தவருக்குப் பின்னால் லாபம் வரும். சீட்டும் சரி, இதுவும் சரி, எழுத்தில் நிற்பதைவிட நம்பிக்கையில்தான் கூட நிற்கிறது. எடுத்த பிறகு ஓடாமல் இருப்பான் என்பதுதான் அதன் அத்திவாரம்.

நாங்கள் செய்த பிழை

இதெல்லாம் பின்னால் தெரிந்துகொண்டது. 2020 மழைக்காலத்தில் எங்களுக்கு ஒன்றும் தெரியாது. ஒரு நாள் இரவு பத்து மணியாகியும் அவன் எழும்பவில்லை. இரண்டு தடவை சொன்னோம், பிறகு இணையப் பெட்டியின் வயரைப் பிடுங்கி விட்டோம். அவன் சத்தம் போடவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு அழுதான். "விளையாட்டுப் போனதுக்கு அழுகிறியா?" என்று கேட்டதற்கு, "நான்தான் முன்னுக்கு நிக்கிற ஆள். சொல்லாமல் ஓடினவன் மாதிரி ஆகிட்டன்" என்றான்.

அந்தச் சொல் எங்களைக் கொஞ்சம் சுட்டது. சொல்லாமல் ஓடி வந்தவர்கள் நாங்கள். ஆனாலும் வயரைத் திரும்பச் செருகவில்லை.

அடுத்த நாள் அந்தக் கில்டின் தலைவி எங்களோடு கதைக்க விரும்புவதாக மகன் சொன்னான். கலிபோர்னியாவில் சான் ஹோசேயில் இருக்கும் கல்லூரி மாணவி. பெற்றோர் வியட்நாமில் இருந்து படகில் தப்பி வந்தவர்கள். வியட்நாமுக்கு வெளியே வியட்நாமியர் மிகவும் கூடுதலாக வாழும் நகரம் சான் ஹோசே என்பதும் அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது. அந்தப் பிள்ளை வாதாடவில்லை. "எத்தனை மணிக்கு முடிய வேண்டும்? சொல்லுங்கள், அதற்கேற்ற மாதிரி அவனுக்கு இடம் ஒதுக்குகிறேன். என் அப்பாவும் இப்படித்தான் வயரைப் பிடுங்குவார்" என்றாள். அவளுக்கு மாலை ஐந்து மணி என்றால் ரெக்சாஸ்காரருக்கு ஏழு, எங்களுக்கு எட்டு. ஒன்பதரைக்கு அவன் எழும்பலாம், அதன் பிறகு இன்னொருவர் அவன் இடத்தில் நிற்பார் என்று முடிவாயிற்று. அன்றுமுதல் ஒன்பதரைக்கு அவன் தானாகவே எழும்பினான். எங்கள் சொல் கேட்காதது, அவனை நம்பி ஓரிடம் ஒதுக்கப்பட்டபோது கேட்டது.

2021 கோடையில் ஒரு நாள் எங்களைப் பக்கத்தில் இருத்தி அந்தத் தேசத்தைச் சுற்றிக் காட்டினான். ஆனியில் அந்த விளையாட்டின் அடுத்த பாகம் திறந்திருந்தது. அதில் ஷட்ராத் என்று ஒரு பெரிய நகரம். ஒருகாலத்தில் படையெடுப்பில் அழிந்த நகரம் என்று கதை. நடுவே ஒளி நிறைந்த மேடை. அதைச் சுற்றித் தாழ்வான பகுதியில் பல இனத்து அகதிகள் கூடாரம் போட்டு, கடை வைத்து வாழ்கிறார்கள். அந்தப் பகுதிக்குப் பெயரே 'கீழ் நகரம்'. "இஞ்ச எல்லாரும் எங்கயோ இருந்து ஓடி வந்தவைதான்" என்றான். எழுதியவர்கள் கற்பனையில் எழுதியதுதான். ஆனாலும் அவன் கதாபாத்திரம் அந்தக் கூடாரங்களுக்கு இடையால் நடந்து போனதைப் பார்த்துக்கொண்டு நாங்கள் இருவரும் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தோம்.

ஆறு வந்த இரவு

2021 செப்ரெம்பர் 1, புதன்கிழமை. ஐடா சூறாவளியின் மிச்சம் நியூ ஜேர்சிக்கு மேலால் வந்தது. பின்னேரம் தொடங்கிய மழை வானம் பிளந்தது போலக் கொட்டியது. எங்களுக்கு மழை பயமில்லை. மாரி மழையில் வளர்ந்தவர்கள். 'விடிய வற்றிவிடும்' என்று இருந்தோம்.

மகன் ஏழரைக்கே உள்ளே போய், மின்சாரம் விட்டு விட்டு வருகிறது, இன்றைக்கு வரமுடியாமல் போகலாம் என்று கில்டுக்குச் சொல்லியிருக்கிறான். உடனே ஒருவர் "நீ எந்த ஆற்றுக்குப் பக்கம்?" என்று கேட்டாராம். ரெக்சாஸ் மாநிலத்தின் ஹூஸ்ரனில் குளிரூட்டி திருத்தும் தொழிலாளி அவர். விளையாட்டில் உயிர் ஏற்றும் வேலை பார்ப்பவர். 2017 ஓகஸ்ற்றில் ஹார்வி சூறாவளி ஹூஸ்ரனை மூழ்கடித்தபோது வீட்டை இழந்தவர். ராரிட்டன் என்று மகன் சொன்னதும், அப்பா அம்மாவைக் கூப்பிடு என்றார்.

அவர் சொன்னவை நான்கு. மழை விட்டதும் ஆபத்து முடிந்தது என்று நினைக்கவேண்டாம், மேலே பெய்த தண்ணீர் இறங்கி வர நேரம் எடுக்கும், மழை விட்ட பிறகுதான் ஆறு வரும். தெருவில் இன்னும் தண்ணீர் ஏறவில்லை என்றால் காரை இப்போதே மேட்டில் விடுங்கள், ஏறிவிட்டால் காரைத் தொடவேண்டாம். கடதாசிகளைப் பிளாஸ்ரிக் பையில் கட்டி மேல்மாடிக்கு அனுப்புங்கள். இரவு அந்தக் கீழ் வீட்டில் படுக்க வேண்டாம்.

கடதாசி என்றதும் எங்களில் ஒருவருக்குக் கை நடுங்கத் தொடங்கியது. 1995 ஒக்ரோபர் 30 வலிகாமம் இடப்பெயர்வு இரவில், மழைக்குள் நாவற்குழிப் பாலம் கடக்கும்போது பிறப்புச் சான்றிதழும் பரீட்சைப் பெறுபேறும் இருந்த பை தவறிப் போயிற்று. அந்த இரண்டு கடதாசிக்காகப் பிறகு பட்ட பாட்டை இங்கே எழுதினால் இந்த இதழ் காணாது.

தெரு அப்போது ஈரம் மட்டும்தான். காரை இருநூறு யார் தள்ளி ஒரு கடையின் மேட்டு வளவில் விட்டோம். அகதி அந்தஸ்துக் கடிதம், வேலை அனுமதி, பிள்ளைகளின் சான்றிதழ்கள் எல்லாவற்றையும் இரண்டு பைகளுக்குள் இட்டுக் கட்டினோம். மேல்மாடிக் குடும்பத்தின் கதவை அதுவரை நாங்கள் தட்டியதில்லை. அன்று தட்டினோம். திறந்தார்கள்.

இரவில் மழை விட்டது. அடுத்த நாள் ஆறு வந்தது. எங்கள் வீட்டுக்குள் முழங்காலுக்கு மேல் தண்ணீர். பக்கத்து ஊர்களான பவுண்ட் புரூக்கும் மான்வில்லும் மூழ்கின. பவுண்ட் புரூக்குக்கு இது புதிதல்ல, 1999 செப்ரெம்பரில் வந்த ஃபுளொய்ட் சூறாவளியும் அந்த ஊரை மூழ்கடித்தது. ஐடாவால் நியூ ஜேர்சியில் மட்டும் ஏறக்குறைய முப்பது பேர் இறந்தார்கள். அவர்களில் பலர் காரோடு தண்ணீரில் அகப்பட்டவர்கள்.

எங்களுக்கு மெத்தைகளும் அரிசி மூட்டையும் பிள்ளையின் கணனியும் போயின. கடதாசி ஒன்றும் நனையவில்லை. கார் இருந்தபடியால் வேலையும் போகவில்லை. இரண்டு கிழமை கழித்து, பதினொரு பேர் சேர்ந்து வாங்கிய பழைய கணனி ஒன்று பெட்டியில் வந்து சேர்ந்தது. அனுப்பியவர் பெயர் இருந்த இடத்தில் விளையாட்டுப் பெயர்கள்தான் இருந்தன.

முகம் தெரியாதவர்கள்

முகம் தெரியாத ஆட்களோடு என்ன உறவு என்று கேட்டவர்கள் நாங்கள். அந்தக் கேள்வியை நோர்வேயிலும் ஒரு தாயும் தகப்பனும் கேட்டிருக்கிறார்கள். மற்ஸ் ஸ்ரீன் என்ற இளைஞர் தசைநார் தேய்வு நோயோடு வாழ்ந்து, 2014-இல் 25 வயதில் இறந்தார். தனிமையில் வாழ்ந்து தனிமையில் போய்விட்டான் என்றே பெற்றோர் நினைத்திருந்தார்கள். இறப்புச் செய்தியை அவர்கள் வெளியிட்டதும் பல நாடுகளில் இருந்து கடிதங்கள் வந்து குவிந்தன. இதே வார்கிராப்ட் விளையாட்டில் 'இபெலின்' என்ற பெயரில் எத்தனையோ பேரின் துன்பத்தைக் கேட்டு, ஆறுதல் சொல்லி, பிணக்குத் தீர்த்து வைத்தவர் அவர். கில்ட் நண்பர்கள் சிலர் நாடு கடந்து வந்து இறுதிச் சடங்கில் நின்றார்கள். இது 2024-இல் ஒரு விவரணப் படமாகவும் வந்தது.

இன்னொரு கதையும் உண்டு. 2004 பெப்ரவரியில் 'ஊரு' என்ற இணைய விளையாட்டை நடத்தியவர்கள் அதை மூடினார்கள். அந்தப் பெயர் தமிழ்ச்சொல் போலவே இருப்பது தற்செயல். ஒரே நாளில் ஆயிரக்கணக்கானவர்களின் இடம் இல்லாமல் போயிற்று. அவர்கள் தங்களை 'அகதிகள்' என்றே அழைத்துக்கொண்டு வேறு விளையாட்டு உலகங்களுக்குள் கூட்டமாகப் போனார்கள். முன்பிருந்தவர்கள், இவர்கள் வந்து நெரிசல் கூடிவிட்டது என்று முறைப்பட்டார்கள். இவர்களோ பழைய இடத்தில் எல்லோரும் கூடும் நீரூற்றைப் போல் ஒன்றைப் புது இடத்தில் கட்டினார்கள். சீலியா பியர்ஸ் என்ற ஆய்வாளர் இவர்களோடு வாழ்ந்து ஆராய்ந்து 2009-இல் ஒரு நூல் எழுதினார்.

அகதி என்ற சொல்லை அவர்கள் எடுத்துக்கொண்டது எங்களுக்கு முதலில் பிடிக்கவில்லை. அவர்கள் பிணம் கடந்து வரவில்லை. யாரும் அவர்கள்மேல் ஷெல் அடிக்கவில்லை. அந்த வித்தியாசத்தை மறக்கக்கூடாது. ஆனால் இடம் போன பிறகு மனிதர் என்ன செய்கிறார்கள் என்று பார்த்தால், தூரம் அவ்வளவு இல்லை. அவர்கள் நீரூற்றுக் கட்டினார்கள். இங்கே ஓல்ட் பார்ம் றோட்டில் திருப்பதிப் பெருமாளுக்குக் கோயில் கட்டினார்கள். எம்மவர் போன இடமெல்லாம் ஊரின் பெயரில் பழைய மாணவர் சங்கம் கட்டுகிறார்கள்.

புதிதாக வந்தவர்களுக்கு

விளையாட்டு எல்லாம் நல்லது என்று நாங்கள் சொல்ல வரவில்லை. உலக சுகாதார நிறுவனமே மிதமிஞ்சிய விளையாட்டுப் பழக்கத்தை ஒரு கோளாறாக ஏற்றுக்கொண்டு, அது 2022 தையில் இருந்து நடைமுறையில் இருக்கும் நோய்ப் பட்டியலில் உள்ளது. சாப்பாடு, நித்திரை, படிப்பு குழம்பினால் கவனிக்கத்தான் வேண்டும். வீட்டு விலாசம், வங்கி அட்டை இலக்கம், அகதி வழக்கு விபரம் எதையும் அங்கே எவருக்கும் கொடுக்க விடாதீர்கள். எங்களுக்குக் கணனி வந்ததுகூட நாங்கள் பெரியவர்கள் தலைவியோடு நேரில் கதைத்த பிறகு, எங்கள் வேலையிடத்து விலாசத்துக்குத்தான்.

ஆனால் வயரைப் பிடுங்க முதல் பக்கத்தில் ஒரு கதிரை போட்டு இருங்கள். அங்கே உன் வேலை என்ன, உன்னை நம்பி இருப்பது யார், எந்த நாள், எத்தனை மணிக்கு என்று கேளுங்கள். தலைவர் யார் என்று அறிந்து, அவரோடு ஒரு தரம் கதையுங்கள். கதைக்க மறுக்கும் கூட்டம் என்றால் அதுவே உங்களுக்குப் பதில்.

அந்தக் கில்ட் இப்போது இல்லை. 2022 கடைசியில் ஒவ்வொருவராகப் படிப்பு, வேலை, பிள்ளைகுட்டி என்று விலகிப் போனார்கள். மகன் இப்போது கல்லூரிக்குப் போகிறான், விளையாட நேரமில்லை. நாங்களும் மேட்டுப் பக்கமாக வேறு வீடு எடுத்துவிட்டோம்.

2024 ஆடியில் பெரில் சூறாவளி ஹூஸ்ரனை அடித்து, அந்தப் பகுதியில் இருபது இலட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகளுக்கு மின்சாரம் போனது என்று செய்தியில் கண்டோம். மகன் வேலையில் நின்றான். நாங்களே அவனுடைய பழைய கணனியில் அந்த மனிதரின் விளையாட்டுப் பெயரைத் தேடி எடுத்து, எங்களுக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் எழுதினோம்: "காரை மேட்டில் விட்டீர்களா? கடதாசி எல்லாம் கட்டிவிட்டீர்களா?"

இரண்டு நாள் பதில் இல்லை. மூன்றாம் நாள் வந்தது. "எல்லாம் மேலே இருக்கிறது. ஆறு பார்த்துக்கொண்டிருக்கிறேன்."